காசு கொடுத்துப் புல் வாங்கியவள்

1

ஊரில் இருக்கும் எல்லோருக்கும் முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் ஜெயித்துவிட்டேன். முப்பதடி நீளம், ஆறடி அகலத்தில் ஒரு மண் துண்டு. அதில் எனக்குப் பிடித்த புல்லை வளர்த்துக்கொள்ளலாம் என்று ஈப்போவில் ஓர் அதிகாரி கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அந்தக் காகிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சாமி அலமாரியில் விளக்குக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். சிரித்து முடித்ததும் மீதியைக் கேளுங்கள்.

அருப்புக்கோட்டையிலிருந்து நான் வாழ்க்கைப்பட்டு இங்கே வந்து இறங்கி இந்த மாதத்தோடு இருபத்திரண்டு வருஷம். இந்த மலாய் நாட்டில் கால் வைத்த தேதியை நான் மறப்பதில்லை. அன்றைக்கு ஒருநாள் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. காலையில் ரொட்டி சானாய், மத்தியானம் வாழையிலைச் சாப்பாடு, எல்லாம் கடையில்தான். "இன்னிக்கு என்ன விசேஷம்?" என்று என் வீட்டுக்காரர் இருபத்தொரு தடவை கேட்டிருக்கிறார். இந்த வருஷம் கேட்கவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

நான் வந்தபோது இந்த வீட்டில் எல்லாமே முடிவாகியிருந்தது. திரைச்சீலை என்ன நிறம், தரைக்கு என்ன டைல்ஸ், சாமி அலமாரி எந்தச் சுவரில், பிறக்கப்போகும் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம் என்பதுவரை. மணியம், அதாவது என் வீட்டுக்காரர், கெட்ட மனிதர் இல்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், சம்பளத்தை முழுசாகக் கொண்டுவந்து கொடுப்பார். கேட்கிற பழக்கம் மட்டும் கிடையாது. ஒரு நாளும், ஒரு காரியத்திலும், "உனக்கு எது வேணும்?" என்று கேட்டதில்லை. காலையில் காரை எடுத்துக்கொண்டு கையுறைத் தொழிற்சாலைக்குப் போவார், சாயங்காலம் வருவார். இடையில் வீடு என்னுடையது என்று நினைத்துக்கொண்டு நான் பெருக்கித் துடைப்பேன்.

எங்களுடையது மூலை வீடு. முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என்று ஒரு சாண் விடாமல் சிமெண்ட். வேலிக்கு வெளியே, சாலையோர வடிகால்வரைக்கும் ஒரு மண் துண்டு உண்டு. அது கவுன்சில், அதாவது நகராட்சி நிலம். ஆனால் அதில் குப்பை சேர்ந்தால் எங்களைத்தான் கேட்பார்கள். நான் சொன்ன முப்பதடி அதுதான்.

2

முதலில் நானும் பூச்செடிதான் வைத்தேன். எங்கள் ஊர்க்காரி வேறு என்ன வைப்பாள்? மல்லிகை, செம்பருத்தி, நந்தியாவட்டை. எல்லாம் பூத்தன. நான் பார்த்ததில்லை! காலையில் நடைப்பயிற்சி போகிறவர்கள் அத்தனை பேரும் பிளாஸ்டிக் பையோடு வருவார்கள். "சாமிக்குத்தானே அக்கா" என்பார்கள். சாமிக்கு என்று சொன்னபிறகு என்ன பேசுவது? ஒருநாள் விடிவதற்குள் எழுந்து, என் செடியில் என் பூவை நானே திருடுகிற மாதிரி பறித்தேன். அன்றைக்கே வெறுத்துவிட்டது.

ரோஜா வைத்தேன். அதை யாரும் பறிக்கவில்லை, மண்ணே தின்றுவிட்டது. இந்தக் குடியிருப்பு முன்பு ஈயலம்பம். ஈயச் சுரங்கத்தை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். மண்ணைக் கழுவிக் கழுவி ஈயத்தை எடுத்துக்கொண்டு, சக்கை மணலைப் பரப்பி, அதன்மேல் வீடு கட்டியிருக்கிறார்கள். மழை பெய்தால் தண்ணீர் நிற்காது, சத்தும் நிற்காது. மத்தியானம் மூன்று மணிக்கு ஈப்போ மழை ஒரு கொட்டுக் கொட்டினால் ரோஜா தலையைத் தொங்கப் போட்டுவிடும்.

மகள் தர்ஷினி படிக்கக் கூச்சிங் போனாள். வீடு சத்தமில்லாமல் ஆகிவிட்டது. கடல் தாண்டிப் போன பிள்ளை வாரத்துக்கு ஒருநாள் கூப்பிடுவாள், பத்து நிமிஷம். அதில் நாலு நிமிஷம் "ஹ்ம்ம், ஓகே மா". தமிழ் குறைந்துகொண்டே வந்தது. எனக்குக் கண்ணெதிரே அசைகிற ஏதாவது ஒன்று வேண்டும் போல் இருந்தது. வேறொன்றும் இல்லை, காற்றடித்தால் ஆடவேண்டும், அவ்வளவுதான். ஒருநாள் பேங்க் வாசலில் தொட்டி தொட்டியாகப் புல் வைத்திருந்ததைப் பார்த்தேன். ஊதா நிறம். அணில் வால் மாதிரிக் கதிர். காற்று வந்தபோது எல்லாம் ஒன்றாகச் சாய்ந்து ஒன்றாக எழுந்தன. பணம் எடுக்கப் போனவள் எடுக்காமல் திரும்பி வந்தேன்.

புல்லை யார் சாமிக்குப் பறிப்பார்கள்? புல்லுக்கு எந்த மண் ஆகாது? முடிவு பண்ணிவிட்டேன்.

3

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்றைச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் குதித்த குதி உங்களுக்குப் புரியாது.

இங்கே தோட்டம் என்றால் பூந்தோட்டம் இல்லை, ரப்பர்த் தோட்டம். அவர் பிறந்தது சுங்காய் என்கிற ஊருக்கு உள்ளே ஒரு தோட்டத்தில். வரிசை வீடுகள். வீட்டு வாசலில் ஒரு புல் இருக்கக்கூடாது. சிவக்கச் சிவக்கச் செதுக்கிப் பெருக்கி வைக்கவேண்டும். தோட்டத்து ஆஸ்பத்திரி ட்ரெஸ்ஸர், மருந்து கொடுக்கிறவர், வாரா வாரம் பார்த்துக்கொண்டு வருவாராம். வாசலில் புல் முளைத்த வீட்டுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்களாம். பாம்பு ஒரு பயம், மானம் அதைவிடப் பெரிய பயம். அதனால்தான் தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்தவர்கள் கையில் காசு வந்ததும் முதல் வேலையாக வாசலுக்குச் சிமெண்ட் போட்டார்கள். எங்கள் தெருவில் அப்படிப் பதினோரு வீடு.

அதிலும் லாலான் என்று ஒரு புல். ஆள் உயரம் வளரும், வேர் மண்ணுக்கடியில் ஓடும், நெருப்பு வைத்தாலும் சாகாது. ரப்பர்க் கன்றை வளரவிடாது. என் மாமியார், நான் பார்த்தே இராத மாமியார், முப்பது வருஷம் லாலான் தோண்டியே செத்துப்போனவர். அந்த அம்மாவின் கைவிரல் கடைசிக் காலத்தில் நிமிரவே இல்லையாம். இதை இவர் என்னிடம் இரண்டு தடவைதான் சொல்லியிருக்கிறார்.

இப்படிப்பட்ட மனிதரிடம் போய், "ஏங்க, வேலிக்கு வெளிய புல்லு வைக்கலாம்னு இருக்கேன்" என்றேன்.

"புல்லா?"

"ஆமா. அழகுப் புல்லு."

"காசு குடுத்தா?"

"பின்ன சும்மாவா குடுப்பாங்க?"

அவர் சிரிக்கவில்லை. "எங்க ஆளுங்க புல்லு புடுங்கிச் செத்தாங்க. நீ காசு குடுத்து வாங்கி வைக்கப்போறியா? வேற வேல இல்லயா உனக்கு?" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. மறுநாளே பஸ் பிடித்துக் கோப்பெங் சாலையிலிருக்கும் நாற்றுப்பண்ணைக்குப் போனேன். ஒரு சீன ஆன்ட்டி நடத்துகிறார். மூன்று தொட்டி வாங்கினேன். நுனியெல்லாம் ரத்தச் சிவப்பு, அடி பச்சை. பார்க்கப் பார்க்க அவ்வளவு அழகு.

4

இரண்டு மாதம் சிவப்பாக இருந்தது. பிறகு பச்சையாக மாறியது. பிறகு நான் வைக்காத இடத்தில் எல்லாம் முளைத்தது. எனக்கோ பெருமை தாங்கவில்லை. ரோஜாவைத் தின்ற மண்ணில் என் புல் பிள்ளை பெற்றுக்கொண்டிருக்கிறது என்று தர்ஷினிக்குப் படம் எடுத்து அனுப்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர் காரைக் கழுவிக்கொண்டிருந்தவர், குழாயை அப்படியே போட்டுவிட்டு வெளியே போனார். குனிந்து ஒரு முளையைப் பிடித்து இழுத்தார். வெள்ளை வேர் சரசரவென்று இரண்டடி நீளத்துக்கு மணலைக் கிழித்துக்கொண்டு வந்தது. நுனி ஊசி. என் உள்ளங்கையை விரித்து அதில் வைத்து அழுத்தினார். சுருக்கென்றது.

"என்னா இது தெரியுமா?"

"புல்லு."

"லாலான்டி! சாயம் பூசுன லாலான்!" என்றார். பிறகு சிரித்தார் பாருங்கள், வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எதிர்வீட்டு லெட்சுமணன் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினார். அவரும் இவருடைய தோட்டத்து ஆள்தான், சேர்ந்து வளர்ந்தவர்கள். "மச்சான், இங்க வா. என் பொண்டாட்டி காசு குடுத்து லாலான் வாங்கியிருக்கா!" அண்ணன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஒரு வாரத்துக்குள் தெருவில் எனக்குப் பெயரே 'புல்லுக்காரி' ஆகிவிட்டது.

நானும் விடவில்லை. "இந்தச் சாதிப் புல்ல எங்க ஊர்ல ஐயர் விரல்ல மோதிரமா மாட்டி மந்திரம் சொல்லுவாரு" என்றேன்.

"அப்படின்னா பார்சல் கட்டி உங்க ஐயருக்கே அனுப்பி வை."

அன்றைக்கு மத்தியானமே மண்வெட்டியை எடுத்து ஒரு வேர் விடாமல் தோண்டினார். மூன்று மணி நேரம். மழையிலும் நிறுத்தவில்லை. துண்டு வேர் கிடைத்தால்கூட எடுத்துச் சிமெண்டில் காயப் போட்டார். உதவிக்குப் போனவளைத் தள்ளி நிற்கச் சொன்னார். நான் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் கோபமாக வந்தது. ஆனால் அந்த வேலையை அவர் செய்த நேர்த்தி இருக்கிறதே, அதையும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. மண்ணைப் பார்த்தே வேர் எந்தப் பக்கம் போகிறது என்று சொன்னார். பள்ளிக்கூடத்தை ஐந்தாவதில் விட்டவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

கையைக் கழுவிக்கொண்டு வந்தவரிடம் சொன்னேன்: "அடுத்த தடவ நீங்க வந்து பாத்து வாங்கிக் குடுங்க."

"அடுத்த தடவையா?" என்றார்.

"ஆமா, அடுத்த தடவ."

5

வந்தார். ஏன் வந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெருவில் மறுபடி சிரிக்க வைத்துவிடுவேன் என்ற பயமாகக்கூட இருக்கலாம்.

நாற்றுப்பண்ணையில் இவர் பண்ணிய அட்டகாசத்தை என்ன சொல்ல! இலையையோ கதிரையோ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தொட்டியைக் கவிழ்ப்பார், தட்டுவார், மண்ணோடு செடி கையில் வரும். வேரைப் பிரித்துப் பார்ப்பார். "இது ஓடுற வேரு, வேணாம். இது முடிச்சு வேரு, கட்டுக்கோப்பா நிக்கும், எடு." தோட்டத்தில் புல்லைத் தரம் பிரித்ததே இப்படித்தானாம். சீன ஆன்ட்டி ஓடிவந்து, "ஹோய் அண்ணே! பொக்கோக் மாத்தி லா!" என்று கத்தினார், செடி செத்துப்போகும் என்று. இவர் நிறுத்தினால்தானே?

எனக்கும் கணக்கு இருந்தது. வெள்ளைக் கோடு போட்ட உயரப் புல் ஒன்று ராணி மாதிரி நின்றது. கேமரன் மலைக் குளிரில் வளர்ந்தது, ஈப்போ வெயிலுக்குச் சுருண்டுவிடும் என்று ஆன்ட்டியே சொல்லிவிட்டார். எலுமிச்சைப் புல்லை இவர் எடுத்தார், வேர் பிரமாதம் என்று. நான் வாங்கிக் கீழே வைத்தேன். "தெருவே வந்து ரசத்துக்குப் புடுங்கிட்டுப் போகும். வேணாம்." பேங்க் வாசலில் பார்த்த ஊதா அணில் வால் புல் இருந்தது. கவிழ்த்தார், தட்டினார், தலையை ஆட்டினார். பாஸ்! ஓரத்துக்கு விரற்கடை உயரத்தில் கறும்பச்சையாக ஒரு குட்டைப் புல். அதுவும் பாஸ்.

மூலையில் பெயர் அட்டை இல்லாமல் நாலு தொட்டி கிடந்தது. நெட்டையாக, மெலிசாக, சும்மா பச்சை. "இது ரோட்டோரப் புல்லு. ஹைவேயில மலை சரியாம இருக்க வச்சிருப்பான்" என்று சொல்லிக்கொண்டே இவர் ஒன்றைக் கவிழ்த்தார். வேர் தொட்டிக்குள் சுருண்டு சுருண்டு பந்தாக இருந்தது. அதைக் கிழித்துப் பிரித்தார்.

வாசனை வந்தது.

"வெட்டிவேர்!" என்று கத்திவிட்டேன். பண்ணையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மண்பானைத் தண்ணீரில் முடிச்சுப் போட்டுக் கிடக்கும் வெட்டிவேர், நாட்டுமருந்துக் கடையில் கட்டுக் கட்டாகத் தொங்கும் வெட்டிவேர். சொன்னால் வெட்கம், பிறந்ததிலிருந்து அந்தத் தண்ணீரைக் குடித்தவளுக்கு அது எந்தச் செடியின் வேர் என்று தெரியாது. அதற்கு மேலே புல் இருக்கும் என்று நான் யோசித்ததுகூட இல்லை.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"குடிச்சிருக்கேன்."

"புல்லயா?"

"வேரங்க! வேர!"

அவர் வேரை மூக்குக்கிட்டக் கொண்டுபோனார். மறுபடி கொண்டுபோனார். "தோட்டத்து மேட்டுல இது நெறைய நின்னுச்சு. மண்ணு கரையாம இருக்க வச்சிருந்தான். இத யாரும் புடுங்கச் சொன்னதில்ல" என்றார். பிறகு வேரை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "நேரா கீழ போவுது. ஓடாது" என்றார். நாலு தொட்டியையும் அவரே தூக்கிக் காரில் வைத்தார்.

6

வேலியை ஒட்டி வெட்டிவேர், நடுவில் ஊதா, ஓரத்தில் குட்டை. ஏழு மாதத்தில் எப்படி வந்தது தெரியுமா! சாயங்காலம் மலைப்பக்கமிருந்து காற்று வரும்போது முப்பதடியும் ஒரே வீச்சில் சாயும். நான் தேநீரை எடுத்துக்கொண்டு வேலிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவேன். சத்தியமாகச் சொல்கிறேன், இருபத்திரண்டு வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் உட்கார்ந்ததில்லை. ஒருத்தரும் ஒரு கதிரைப் பறிக்கவில்லை.

அப்போதுதான் நோட்டீஸ் வந்தது. வேலிக்கு வெளியே புல் மண்டிக் கிடப்பதாகப் புகார், பதினாலு நாளில் வெட்டிச் சுத்தம் செய்யவேண்டும், இல்லையென்றால் கவுன்சில் ஆளே வந்து வெட்டிவிட்டு அபராதம் போடுவார்கள்.

புகார் போட்டது யார் என்று தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. லெட்சுமணன் அண்ணன் மறுநாள் அவராகவே வந்தார். "நான்தான் போட்டேன். மூஞ்சிக்கு நேரா சொல்ல ஒரு மாதிரியா இருந்துச்சு. பேரப்புள்ளைங்க அங்கதான் சைக்கிள் ஓட்டுது. பாம்பு வந்தா யாரு பதில் சொல்றது, தங்கச்சி?" மனிதர் பயத்தில் சொன்னார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

கவுன்சில் அலுவலகத்தில் எண் சீட்டு வாங்கிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன். கவுண்டரில் இருந்த பெண்ணிடம், நான் அதை வேண்டுமென்றே நட்டேன் என்று என் மலாயில் சொன்னேன். "ரும்புட்? நட்டீங்களா?" என்று மறுபடி மறுபடி கேட்டாள். இந்த ஊரில் ரும்புட் என்றால் வெட்டுகிற புல், நடுகிற புல் கிடையாது. மேல்முறையீடு எழுதலாம் என்றாள். என் அடையாள அட்டையைக் கேட்டாள். கொடுத்தேன். சிவப்பு அட்டை. குடியிருக்கலாம், குடிமகள் இல்லை. குடிமக்களுக்கான நீல அட்டைக்கு எழுதிப்போட்டுப் பல வருஷம் ஆகிறது. ஆனால் சிக்கல் அட்டையில் இல்லை. வீடு என் பெயரில் இல்லை, கடிதம் வீட்டுக்காரர் கையெழுத்தோடு வரவேண்டும். அவள் மரியாதையாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்கு இன்னும் சுட்டது.

கடிதத்தைத் தர்ஷினி மலாயில் எழுதி அனுப்பினாள். பத்து நிமிஷம் பேசுகிற பிள்ளை அந்த வாரம் தினமும் கூப்பிட்டாள். "அம்மா, சீரியஸ்லா, இதுக்குக் கூட அப்பீலா?" என்று சிரித்தவள், நான் ஒவ்வொரு புல்லின் வேரையும் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். ஓடாத வேர் என்பதற்கு மலாயில் என்ன போடுவது என்று யாரையோ கேட்டுப் போட்டாள். "அம்மா, நீங்க இவ்ளோ பேசி நான் கேட்டதே இல்ல" என்றாள்.

காலையில் தோசை வைத்துவிட்டுக் கடிதத்தையும் பேனாவையும் இவர் முன்னால் வைத்தேன். படித்தார். "லெட்சுமணன் என்னா நெனப்பான்? தோட்டத்து ஆளுங்க காறித் துப்புவாங்க. வெட்டிட்டு வேற ஏதாச்சும் வைய்யி" என்றார்.

"இந்த வீட்டுல திரைச்சீலை நீங்க எடுத்தது. டைல்ஸ் நீங்க எடுத்தது. என் சேலையக்கூட நீங்கதான் எடுத்தீங்க. நான்னு ஒருத்தி எடுத்தது அந்தப் புல்லு ஒண்ணுதான். அதையும் வெட்டணும்னா வெட்டுங்க. ஆனா நீங்களே வெட்டுங்க, கவுன்சில்காரன் வேணாம்" என்றேன். அடுப்பில் இருந்த தோசை கருகியது.

அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். கையெழுத்தில்லாமல் நோட்டீஸ் வந்த ஒன்பதாவது நாள் போனது, பத்தாவது நாள் போனது. நான் கேட்கவில்லை. பதினோராவது நாள் சாயங்காலம் கடிதம் சாப்பாட்டு மேசையில் இருந்தது. கையெழுத்துப் போட்டிருந்தார். அதற்குக் கீழே, அவர் கையால், கோணல் மாணலாக மலாயில் மூன்று வரி. நான் தோட்டத்தில் பிறந்தவன். என் தாய் முப்பது ஆண்டுகள் லாலான் தோண்டினார். லாலான் எது என்று எனக்குத் தெரியும், இது லாலான் இல்லை.

அந்தக் காகிதத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். நல்லா வாய்விட்டு அழுதேன்.

7

கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்த பிறகு, கவுன்சில் அதிகாரி ஒரு சனிக்கிழமை நேரில் பார்க்க வந்தார். ஐம்பது வயசு மலாய்க்காரர், சாந்தமான முகம், கையில் கோப்பு. தெருவில் பதினோரு வீட்டுக்காரர்களும் வேலை இருக்கிற மாதிரி வெளியே நின்றார்கள். லெட்சுமணன் அண்ணனும் வந்தார். பாம்பைப் பார்த்தீர்களா என்று அதிகாரி கேட்டதற்கு, "இன்னும் இல்ல துவான். ஆனா வரும் லா" என்றார்.

என்னிடம் திரும்பி, "இனி லாலாங் கெ, புவான்?" என்றார், இது லாலானா அம்மா என்று.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் மண்வெட்டியோடு வந்துவிட்டார். வேலியோரத்து வெட்டிவேர்க் குத்தில் ஒன்றை அடியோடு தோண்ட ஆரம்பித்தார். அது லேசில் வருமா? கால் மணி நேரம் போராடினார். பனியன் நனைந்து ஒட்டிக்கொண்டது. ஒருவழியாக மூன்றடி வேரோடு தூக்கி அதிகாரியின் முன்னால் பிடித்தார். அத்தனையும் நேர்கீழ் வேர், ஒன்றுகூடப் பக்கவாட்டில் ஓடவில்லை.

அதிகாரி குனிந்து முகர்ந்தார். முகம் மலர்ந்துவிட்டது. "அக்கார் வாங்கி!" என்றார். வாசனை வேர் என்றுதான் அவர்களும் சொல்கிறார்கள். அவருடைய அம்மா துணி வைக்கிற அலமாரியில் போட்டு வைப்பாராம்.

"யார் இதைத் தேர்ந்தெடுத்தது?" என்று கேட்டார்.

இவர் என்னைக் காட்டினார். தெருவே கேட்கிற மாதிரி மலாயில் சொன்னார், "என் மனைவி. எல்லாம் அவள்தான் தேர்ந்தெடுத்தாள்." பிறகு லெட்சுமணன் அண்ணனைப் பார்த்துத் தமிழில், "மச்சான், வேரப் பாத்துக்க. லாலான்னு இனிமே எவனாச்சும் சொன்னா எங்கிட்ட அனுப்பு" என்றார்.

சும்மா விடவில்லை அதிகாரி. மூலையில் வண்டி திரும்புகிற இடம், ஓட்டுகிறவர் கண்ணுக்கு மறைக்கக்கூடாது, அந்தப் பத்தடி மட்டும் இடுப்புக்குக் கீழே இருக்கவேண்டும் என்றார். நியாயம்தானே? பாம்பு அண்டாமல் இருக்க வழி இவரே சொன்னார். குத்துக்குக் குத்து இடைவெளி விட்டு, அடி இலையைக் கழித்து, நடுவில் மண் தெரிகிற மாதிரி தினமும் பெருக்குவேன், தோட்டத்து வாசல் மாதிரி வைத்திருப்பேன் என்றார். அதிகாரி கோப்பை வண்டியின்மேல் வைத்து, அலங்காரச் செடி, அனுமதிக்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டேன்.

தோண்டிய குத்து வீணாகவில்லை. அதை லெட்சுமணன் அண்ணன் எடுத்துக்கொண்டார், அவர் வீட்டு வடிகாலோரம் மண் சரிகிறதாம். எப்படி நடுவது என்று என்னைத்தான் கேட்டார்.

இப்போது தினமும் காலையில் வேலைக்குப் போகுமுன் இவர் விளக்குமாற்றோடு வெளியே போகிறார். புல்லுக்கு நடுவே சிவக்கப் பெருக்குகிறார். தர்ஷினி அதை வீடியோவில் பார்த்துவிட்டு, லீவுக்கு வரும்போது விடுதி அறைக்கு ஒரு ஊதாத் தொட்டி வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். தமிழில்தான் கேட்டாள்.

இன்றைக்குத்தான் அந்த இருபத்திரண்டாவது வருஷ நாள். அடுப்பு மூட்டவில்லை. ரொட்டி சானாய் வாங்கிவரச் சொல்லலாம் என்று பார்த்தால் ஆளைக் காணோம். முன்வாசலில் டங், டங் என்று சத்தம். போய்ப் பார்த்தேன். சம்மட்டியோடு நிற்கிறார், தலையெல்லாம் சிமெண்டுத் தூள். பல வருஷத்துக்கு முன்னால் அவரே ஆள் வைத்துப் போட்ட வாசல். வீட்டுச் சுவர் பக்கம் ஒரு முழம் உடைத்திருந்தார், அடியில் மணல் தெரிந்தது. எதிர்வீட்டிலிருந்து லெட்சுமணன் அண்ணன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் சம்மட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"எது வரைக்கும் ஒடைக்கணும்? நீயே சொல்லு."

"கேட் வரைக்கும்" என்றேன்.